கோடு போட்ட கட்டிகள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதுகிறேன். போனில் பேசினால் நாலாவது நிமிடம் உங்கள் கடைக்கு யாராவது வந்துவிடுகிறார்கள். நான் பாதிப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அதனால் இனிமேல் சோப்புப் பெட்டியோடு கடிதமும் வரும். பெட்டியைப் பிரித்தால் படித்துத்தான் ஆகவேண்டும்.

இதில் எண்பது கட்டிகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சலவை அறையை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. தொட்டியின் மேல் பலகை போட்டு மேஜையாக்கிவிட்டேன். ஜன்னலை அகலத் திறந்து வைத்து, அண்ணனுடைய பழைய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்கிறேன். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சூடாகிறது. அது ஆறியதும் தேங்காய் எண்ணெயிலும் விளக்கெண்ணெயிலும் ஊற்றி, கெட்டித் தயிர் பதம் வரும்வரை கலக்கி அச்சில் ஊற்றுகிறேன். மறுநாள் வெட்டி, ஆறு வாரம் அலமாரியில் காற்றாட விடுகிறேன். பக்கத்து வீட்டு டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னக்கா, குண்டு கிண்டு செய்யறீங்களா?" என்றார். "ஆமா, முதல் குண்டு உங்க வீட்டுக்குத்தான்" என்றேன். அதற்குப் பிறகு மனிதர் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

பதினாறு வருடம் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தை அளந்தேன். இப்போது எண்ணெய் அளக்கிறேன். இதில் யாரும் ஊசிக்குப் பயந்து அழுவதில்லை.

நேரில் சொன்னால் நான் உளறிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கட்டியவரை விட்டுவிட்டு ஒற்றைப் பெட்டியோடு நான் வந்து நின்ற அன்று அண்ணன் ஆயிரம் கேள்வி கேட்டார். நீங்கள் ஒன்றுமே கேட்காமல் என் கையிலிருந்த பெட்டியை வாங்கினீர்கள். நகரத்துக்குக் குடிபோனபோது இந்த வீட்டையும் என்னை நம்பி விட்டுப் போனீர்கள். என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாயாடி


பிப்ரவரி 27

என் அருமை வாயாடிக்கு,

அண்ணியின் ஆசிகள். உன் எண்பது கட்டியும் பதினெட்டு நாளில் போய்விட்டது. கடையில் தேன் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, சோப்பு மட்டும் பறக்கிறது. உன் அண்ணன்கூட "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் வாயிலிருந்து அது வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இதுல கெமிக்கல் இருக்கா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் உறை அச்சடித்துவிட்டேன். ஐந்நூறு அனுப்பியிருக்கிறேன். பச்சை இலை போட்டு எவ்வளவு லட்சணமாக இருக்கிறது பார். "காஸ்டிக் இல்லை. ரசாயனம் இல்லை. முழுக்க முழுக்க இயற்கை." வாசகம் என்னுடையது. அச்சகத்துக்காரர் பிரமாதம் என்றார்.

அடுத்த முறை இருநூறு கட்டியாவது வேண்டும். அந்த ஆறு வாரத்தைக் கொஞ்சம் சுருக்கக் கூடாதா, கண்ணு? வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள,
அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உறைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், நானூற்றுத் தொண்ணூற்றொன்பது இருக்கும். மிச்சம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், கோபம் வரவேண்டிய நேரத்தில் பார்த்துக்கொள்ள.

அண்ணி, காஸ்டிக் இல்லாமல் சோப்பே கிடையாது. உலகத்தில் எந்தச் சோப்புக் கட்டியும் ஏதோ ஒரு காரத்தில்தான் பிறந்தது. காஸ்டிக் போடாவிட்டால் உங்கள் அழகான உறைக்குள் வெறும் எண்ணெய்தான் இருக்கும். கைக்குட்டையில் முடிந்து விற்கவேண்டியதுதான். சரியாக அளந்து போட்டால் காஸ்டிக்கும் எண்ணெயும் கலந்து இரண்டுமே வேறொன்றாகிவிடுகின்றன. கட்டியில் காஸ்டிக் மிஞ்சாது. இதைச் சொல்ல ஏன் கூச்சப்படவேண்டும்? "காஸ்டிக் சேர்த்துச் செய்தது, சரியாக அளந்ததால் மிச்சமில்லை" என்று போடுங்கள். கேட்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள், கரும்பலகை வைத்துப் பாடம் நடத்துகிறேன்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடமே சாட்சி இருக்கிறது. போன மாதம் ஒரு முறை பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் எண்ணெயை அளந்துவிட்டேன். பதினாறு வருட அனுபவம் எங்கே போனதோ. எண்ணெய் குறைந்து காஸ்டிக் மிஞ்சிவிட்டது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், சுரீர் என்றது. அந்த நாற்பது கட்டியிலும் ஆணியால் ஒரு கோடு கிழித்துத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கடைத் தரை தேய்க்க, சாக்கடை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. உடம்பில் படக் கூடாது.

நல்ல கட்டிகள் நூறு வெள்ளைத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆறு வாரம் ஆறு வாரம்தான். சுருக்க முடியாது.

அன்புடன்,
வாயாடி


ஏப்ரல் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணன் பயந்தேபோனார்.

நீ லேபில் இருந்தவள், உனக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்தது கடை. இந்தத் தெருவில் மட்டும் நாலு பேர் இயற்கைச் சோப்பு விற்கிறார்கள், நாலு பேரும் இதைத்தான் போட்டிருக்கிறார்கள். நான் மட்டும் "காஸ்டிக் சேர்த்தது" என்று எழுதினால் சிரிப்பார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் பெயரில் இருக்கும் ஒரே பொருள் இந்தக் கடை. என் பெயரை அந்தப் பலகையில் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசித்ததே இல்லை. மிச்சமில்லாத ஒன்றை இல்லை என்று சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

வெள்ளைத் தாளைப் பிரித்துவிட்டு என் உறையைத்தான் போட்டேன். நூறும் போய்விட்டது. கையிருப்பு இல்லாமல் போனதால் அந்தக் கோடு போட்ட கட்டிகளையும் உறை போட்டு அடுக்கிவிட்டேன். அதே எண்ணெய்தானே, வீணாக்க மனசு வரவில்லை. நானே கை கழுவிப் பார்த்தேன், கொஞ்சம் வறண்டது, அவ்வளவுதான். நீ எப்போதும் ஒன்றுக்கு ஒன்பதாகப் பயமுறுத்துவாய்.

உனக்குச் சந்தோஷமான சேதி ஒன்று. பக்கத்துப் பல் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிற பெண்ணின் கைக்குழந்தைக்குப் பத்து நாளாக உடம்பெல்லாம் சிவந்திருக்கிறது. டாக்டர் எந்தச் சோப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "உங்க சோப்புலதான் ஒண்ணுமே இல்லையே, அதனால அத மட்டும் விடல." காலையும் மாலையும் அதைத்தான் தேய்க்கிறாளாம். பார், உன் கைக்கு எவ்வளவு நம்பிக்கை என்று.

இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போகிறோம். அங்கே போன் சரியாக எடுக்காது.

அண்ணி


ஏப்ரல் 11, உங்கள் கடை வாசல்

அண்ணி,

கடிதத்தை இன்று காலையில்தான் படித்தேன். எட்டு முறை போன் செய்தேன். பஸ் ஏறி வந்தேன், வீடும் பூட்டியிருக்கிறது, கடையும் பூட்டியிருக்கிறது.

அந்தக் குழந்தைக்குத் தேய்ப்பது கோடு போட்ட கட்டி. வேறு காரணமே தேடவேண்டாம். கிளினிக் திறந்திருக்கிறது, போகிறேன்.

உங்கள் ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வந்ததும் அதைக் கிழிக்கத்தான் தோன்றும். அடுக்கில் இருக்கும் கட்டிகளை எடுத்துவிட்டு அப்புறம் கிழியுங்கள்.

வாயாடி


ஏப்ரல் 16

வாயாடிக்கு,

ஊரிலிருந்து வந்து இறங்கினால் ஷட்டர் முன்னால் ஆறு பேர் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்கள். "இங்கே வாங்கிய சோப்பில் கோடு இருந்தால் உடம்பில் தேய்க்காதீர்கள். காஸ்டிக் அதிகம். தவறாக அளந்தவள் நான்." கீழே உன் போன் நம்பர் வேறு. என் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே. அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதற்குள் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய்.

குழந்தைக்கு இப்போது தேவலை என்று கேள்விப்பட்டேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா? அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிச்சமிருந்த முப்பத்தொரு கட்டியையும் குப்பைக்காரரிடம் போட்டுவிட்டேன். ஆனால் இதை வீட்டுக்குள் பேசி முடித்திருக்கலாம். என்னைத் தெருவில் நிறுத்தவேண்டிய அவசியம் என்ன?

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். "இந்தச் சோப்பில் காஸ்டிக் சேர்க்கப்படவில்லை எனப் பரிசோதித்து உறுதி சொல்கிறேன்" என்று டைப் அடித்திருக்கிறது. லேப் டெக்னீஷியன் என்று போட்டு நீ கையெழுத்து வைத்தால் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிடுவேன். பேச்சு அடங்கிவிடும். நானும் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன்.

முடியாதென்றால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் உன் அண்ணன். நான் தடுக்கப்போவதில்லை. பெட்டியைக் கையில் வாங்கியவள் நான்தான் என்பதை மட்டும் நினைத்துப் பார்.

அண்ணி


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நினைத்துப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்துக்கு நேர் பின்னால்தான் என் கை இருக்கிறது. வைக்க மாட்டேன்.

நீங்கள் எனக்குச் செய்தது பெரிது. அதற்கு நான் எதை வேண்டுமானாலும் தருவேன், பொய்ச் சான்று தர மாட்டேன். லேபில் இருந்தபோது மூத்த டாக்டர் ஒருவர் முடிவை மாற்றி எழுதச் சொல்லி ஒரு மணி நேரம் நின்றார். அவருக்கே எழுதவில்லை. என்னைக் கட்டியவர் அடித்துவிட்டு, "வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்றார். அதையும் சொல்லவில்லை, அதனால்தானே உங்கள் வாசலுக்கு வந்தேன்? அன்றைக்கு எனக்கு இருந்த வாய்தான் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு உங்களுக்குப் பிடித்திருந்தது.

வீட்டை நேற்றே காலி செய்துவிட்டேன். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. சுவரெல்லாம் கிரீஸ் நாற்றம், ஆனால் இரண்டு ஜன்னல் எதிரெதிரே இருக்கின்றன, எனக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்து வீட்டு டிரைவர்தான் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். "குண்டுப் பெட்டி எதுன்னு சொல்லுங்கக்கா, அத மட்டும் மெதுவா எறக்கறேன்" என்றார். கீழே சைக்கிள் கடைக்காரர் கைக் கறை போவதற்கு முதல் கட்டியைக் கேட்டுவைத்திருக்கிறார். ஆறு வாரம் ஆகும் என்றேன். "எனக்கென்ன அவசரம், இந்தக் கறைக்கு இருபது வயசாச்சு" என்றார்.

நான் செய்கிற கட்டியில் என் கையெழுத்தில்தான் எழுதப்போகிறேன். காஸ்டிக் சேர்த்தது, எந்தத் தேதி செய்தது, எந்தத் தேதியிலிருந்து தேய்க்கலாம் என்று. பத்துப் பேர் சிரித்துவிட்டுப் போகட்டும். பதினோராவது ஆள் வாங்கினால் போதும், யாரும் வாங்காவிட்டால் நானே குளித்துத் தீர்க்கிறேன்.

ஷட்டரில் ஒட்டியதற்கு வருத்தமில்லை. ஒன்பது கட்டி விற்றிருந்தது, கிளினிக் பெண்ணைத் தவிர மற்ற எட்டுப் பேரும் போன் செய்துவிட்டார்கள். மூன்று பேர் நன்றாகத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன், அளந்தது நான்தானே. இரண்டு நாள் பொறுத்திருந்து வீட்டுக்குள் பேசியிருந்தால் அந்த ஒன்பது வீட்டிலும் இன்னும் நாலு முறை தேய்த்திருப்பார்கள். உங்களுக்கு அழுகை வரும் என்று தெரியும். எனக்கும்தான் வந்தது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அன்று கிளினிக்கில் அந்தப் பெண்ணிடம் என் தவறைச் சொன்னேன், பாத்திரத்தின் எடையைக் கழிக்காததைச் சொன்னேன். குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடம் கூடவே போய் அதையே அவரிடமும் சொன்னேன். நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குழந்தையின் முதுகில் மட்டும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, என் மூக்கைப் பிடித்து இழுத்தது. வெளியே வரும்போது அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தப்பா அளந்தது நீங்க, சரி. காஸ்டிக்கே இல்லன்னு போட்டிருந்துச்சே, அத நம்பித்தானே பத்து நாளா விடாம தேய்ச்சேன். அத எழுதினது யாரு?"

நான் சொல்லவில்லை, அண்ணி. திங்கட்கிழமை காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறாள். நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
வாயாடி