நடுரோட்டில் மாற்றிய பேரிங்

ஆகஸ்ட், செவ்வாய் இரவு

யமுனை கரை தாண்டிவிட்டதால், ஒரு மொட்டைமாடியில் சிக்கிய குடும்பத்தைக் காப்பாற்ற மீட்புப் படகை டிரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு விரைந்தோம். பாதி வழியில் என் குழுவைச் சேர்ந்த செல்வி வண்டியை நிறுத்தச் சொன்னாள். டிரெய்லரின் ஒரு சக்கரம் கொதித்தது. பேரிங்கை மூடியிருக்கும் சீல் கிழிந்து, தண்ணீர் புகுந்து, பேரிங் தேய்ந்திருந்தது.

"நிறுத்தாதே, ஜல்தி!" என்று எங்களுடன் வந்த அதிகாரி கத்தினார்.

"கத்தட்டும்க்கா. சக்கரம் கழண்டுச்சுன்னா படகு ரோட்டுலதான் கிடக்கும்," என்றாள் என்னிடம்.

கொட்டும் மழையில் மண்டியிட்டு, உதிரியாக வைத்திருந்த பேரிங்கையும் சீலையும் மாட்டினாள்.  நான் டார்ச் பிடித்திருந்தேன்.

மொட்டைமாடியில் சிக்கியிருந்த குடும்பத்தைப் பத்திரமாக இறக்கினோம். தண்ணீர் கைப்பிடிச் சுவரைத் தொட்டிருந்தது.

திரும்பும்போது கேட்டேன்: "நாம போறதுக்குள்ள அவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"அதை நினைச்சுக்கிட்டேதான்க்கா ஒவ்வொரு நட்டையும் முறுக்குனேன்," என்றாள்.