காரணம் சொன்னால்தான் சீட்டு

புக்கிட் பாரு, மலாக்கா.
22.11.1998, ஞாயிறு

திரு. கணேசமூர்த்தி அவர்களுக்கு,

சுசீலா எழுதிக்கொள்வது. இங்கே நான் திடமாக இருக்கிறேன். அங்கே நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருப்பீர்கள் என்றே எண்ணிக்கொள்கிறேன். இன்று காலை நீங்கள் போன் செய்தபோது வீட்டில்தான் இருந்தேன். மணி அடித்து ஓயும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் என்ன கறி வைத்தாய் என்று கேட்பீர்கள், நானும் பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். இமெயிலும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கோந்து தடவி ஒட்டிய உறையை யாராவது பிரித்தால், பிரித்தது தெரியவாவது செய்யும்.

போன ஞாயிறு பத்திரிகையில் உங்கள் கட்டுரை வந்திருந்தது. 'கலிபோர்னியாவிலிருந்து கணேசமூர்த்தி' என்று தலைப்பில் போட்டு, டை கட்டிய படமும் போட்டிருந்தார்கள். அங்கே கடைக்காரன் யார் எந்தச் சோப்பு வாங்குகிறார்கள் என்பதைக்கூட கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கிறானாம், அதுதான் முன்னேற்றமாம். அந்தரங்கம் என்பது பத்தாம்பசலிகளின் கவலை, ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு ஏன் அச்சம் என்று முடித்திருந்தீர்கள். என் அலுவலகத்தில் இருவர் அதைப் படித்துவிட்டு வந்து என் கையைக் குலுக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பத்திரிகை முழுக்க இப்போது இந்தப் பேச்சுத்தான். காகிதமே இல்லாத அலுவலகம் வரப்போகிறதாம். ஒரே அட்டையில் அடையாள அட்டை, லைசென்ஸ், வியாதி எல்லாம் வந்துவிடுமாம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் விமானம் கீழே விழுமாம். எழுதுகிறவர்களுக்கும் தெரியவில்லை, படிக்கிறவர்களுக்கும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வக்கீல் அலுவலகத்தில் தினமும் அதில்தான் ஊராருடைய உயிலையும் விவாகரத்து மனுவையும் தட்டச்சு செய்கிறேன். ஒன்றும் வெளியே போனதில்லை. அதற்கு அந்த இயந்திரம் காரணமில்லை, என் வாய்தான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கா போவதற்கு முன்னால் நம் கோயிலுக்கு ஓர் அர்ச்சனைச் சீட்டு புரோகிராம் எழுதிக் கொடுத்தீர்களே, 'அருள்' என்று அதற்குப் பெயரும் வைத்தீர்களே. அதற்கு முன்பு நாங்கள் பெயரும் நட்சத்திரமும் சொல்வோம், குருக்கள் அதை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவார், வந்து விபூதி கொடுப்பார், அவ்வளவுதான். உங்கள் 'அருள்' வந்தபிறகு வேண்டுதல் என்ன என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. காரணம் சொன்னால்தான் சீட்டு. கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் ஒருமுறை, சும்மா போடு தங்கச்சி என்றேன். "அந்த எடம் காலியா இருந்தா பிரிண்ட் ஆவாதுக்கா, உங்க வீட்டுக்காரர் அப்படித்தான் செஞ்சிருக்காரு" என்றாள். சாமிக்கே தேவைப்படாத விவரம் உங்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். புள்ளிவிவரம் என்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்க வரும் கருப்பாயி அக்காவைப் பற்றி உங்களிடம் பேசியதில்லை. ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ரப்பரை அழித்துத் தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றியபோது டவுனுக்கு வேலைக்கு வந்தவர். அவருக்கு ஒரே மகன், திலீபன். கெட்ட சகவாசத்தில் ஊசி போடப் பழகி, பிடிபட்டு, அரசாங்கத்தின் போதை மறுவாழ்வு மையத்தில் அடைத்துவிட்டார்கள். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ஜொகூரில் வேலை செய்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். கோயில் கவுண்டரில் இருப்பவர்கள் ரெம்பியா ஆட்கள். மகன் பெயரைச் சொன்னால் பின்னாலேயே கேள்வி வரும். அதனால் என்னிடம் கேட்டார், "நீங்க வெள்ளிக்கெழம போறப்ப அவன் பேருக்கும் ஒண்ணு பண்ணிடுங்கம்மா, ரோகிணி நட்சத்திரம்." நானும் செய்தேன். வேண்டுதல் என்ன என்று அந்தப் பெண் கேட்டபோது 'விடுதலை' என்றேன். அவன் வெளியே வந்து எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபின் 'நல்வாழ்வு' என்றேன். புலாவ் செபாங்கில் ரயில்வேயில் வேலை செய்யும் வீரமுத்துவின் மகள் தாரணியை அவனுக்குப் பேசி முடித்தார்கள். தையில் கல்யாணம் என்றானதும் 'திருமணம் கைகூட' என்றேன்.

இப்போது நீங்கள் பார்த்த விதத்தில் அதை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். சுசீலா, திலீபன், விடுதலை. சுசீலா, திலீபன், நல்வாழ்வு. சுசீலா, திலீபன், திருமணம்.

புரோகிராமைப் பழுது பார்ப்பதற்கென்று கோயில் தலைவர் மணியம் மாதா மாதம் உங்களுக்குச் சீட்டு விவரம் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. பழுது பார்க்கிறவர் பெண்டாட்டி பெயரைப் போட்டுத் தேடுவார் என்பதும் தெரியாது. தேடினீர்கள். பார்த்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மணியத்துக்கு எழுதினீர்கள். யார் இந்தத் திலீபன், எந்த ஊர், என்ன வயது, 'ரகசியமாக விசாரித்துச் சொல்லவும்'. அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு வேறு. ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு ரகசியம் எதற்கு என்று உங்கள் வாசகர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்கிறேன்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் கருப்பாயி அக்கா வேலைக்கு வருவது நின்றது. உடம்பு சரியில்லையோ என்று பஸ் பிடித்து ரெம்பியா போனேன். வாசலில் நின்றவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. மணியத்தின் ஆட்கள் எஸ்டேட் வரைக்கும் வந்து, கருப்பாயி மகன் எங்கே இருந்தான், டவுனில் வக்கீல் ஆபீஸ் பொம்பளைக்கு அவன் என்ன உறவு என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜொகூர் வேலை என்ற பொய் அன்றோடு போயிற்று. விசாரித்தவர்கள் புலாவ் செபாங்குக்கும் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். வீரமுத்து நிச்சயத் தட்டை ஆள் மூலம் திருப்பி அனுப்பிவிட்டார். தொழிற்சாலைக்கும் யாரோ போன் செய்ய, அங்கே சிறுநீர்ச் சோதனை முடிவு வரும்வரை திலீபனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இத்தனையையும் ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் கேட்டார், "சாமிகிட்டத்தானம்மா சொல்லச் சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லச் சொல்லலியே."

நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா என்றேன். அது உண்மைதான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். மணியம் ஆபீஸ் அறையில் குளிர்சாதனத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார். வெட்கம் என்ற ஒன்றை அந்த முகத்தில் தேடினேன். "என்னா சிஸ்டர், உங்க வீட்டுக்காரர்தான்லா கேட்டாரு. தூரத்துல இருக்காரு, பாவம். நான் ஹெல்ப் பண்ணேன், அவ்ளோதான்" என்றார். நீங்கள் அனுப்பியதை அச்செடுத்து வைத்திருந்தார், அதையும் காட்டினார். பிறகு, சும்மா விளையாட்டுக் காட்டுவதுபோலக் கம்ப்யூட்டரைத் திறந்து, நான் வந்துபோன வெள்ளிக்கிழமைகளை எல்லாம் திரையில் ஓடவிட்டார். எனக்குக் கீழேயும் மேலேயும் மற்றப் பெண்கள் இருந்தார்கள். யார் வீட்டில் பிள்ளை தங்கவில்லை, யார் புருஷன் குடிக்கிறான், யார் மேல் வழக்கு நடக்கிறது, எல்லாம் இருந்தது. "பாருங்க, எவ்ளோ நீட்டா செஞ்சிருக்காரு" என்று உங்களைப் பாராட்டினார். அழித்துவிடுங்கள் அண்ணே என்றேன். "அழிக்கிறதுக்கு அவரு பாஸ்வேர்ட் வேணும்லா. எங்களால சேக்கத்தான் முடியும்" என்றார். சேர்க்க மட்டும் தெரிந்த ஒன்றுக்குத்தான் 'அருள்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

என் முதலாளியிடம் கேட்டேன். எந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் விடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். யாரும் எதையும் திருடவில்லை, யாரும் பொய் எழுதவில்லை என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சீக்கிரமே போய்க் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வரிசையில் வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்னேன், நீங்கள் இங்கே சொல்கிற காரணம் உள்ளே தங்குகிறது, மணியம் பார்க்கிறார், அமெரிக்காவில் என் புருஷன் பார்க்கிறார் என்று. புருஷன் என்றே சொன்னேன். சிலர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் வரிசையை விட்டு விலகிப் போய்விட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், இதற்குமுன் அவர் என்ன சொல்லி வைத்திருந்தாரோ என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் பாசாரில் மீன் விற்கும் ஓர் அம்மா வந்தார். பெயர் சொன்னார், நட்சத்திரம் சொன்னார். காரணம் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மழ வரணும்னு போடு" என்றார். வெளியே வாசல் தெரியாத அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. கவுண்டர் பெண் அப்படியே அடித்தாள், சீட்டும் வந்தது. அடுத்தவரும் மழை என்றார். அதற்கடுத்தவரும் மழைதான். பூசை முடிவதற்குள் நம் கோயிலில் மழையைத் தவிர வேறு எந்தக் குறையும் யாருக்கும் இல்லை என்றாகிவிட்டது. மணியம் வெளியே வந்து, "சிஸ்டர், சிஸ்டத்தைக் கெடுக்கிறீங்க" என்றார். பெண்கள் சீட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். இந்த மாதம் உங்களுக்கு வருவதைத் திறந்து பாருங்கள். புள்ளிவிவரம் எடுங்கள். வேண்டுமானால் ஒரு கட்டுரையும் எழுதுங்கள்.

சென்ற செவ்வாய் மதியம் தாரணி அலுவலகத்துக்கு வந்தாள். முன்பின் பார்த்ததில்லை. ஒல்லியான பெண், பேச்சு மட்டும் திடமாக இருந்தது. "அவரு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாருக்கா. அப்பாவுக்குத்தான் தெரியாது. நானே நேரம் பாத்துச் சொல்றதா இருந்தேன்" என்றாள். சோதனை முடிவு சுத்தமாக வந்து அவனை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றும் சொன்னாள். வீரமுத்து இன்னும் இறங்கி வரவில்லை. அவள் வயது வந்தவள். பதிவுத் திருமணத்துக்கு இருவரும் மனுக் கொடுத்துவிட்டார்கள். இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் என்று பதிவு அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஊரார் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அது அவர்கள் இருவரும் உட்கார்ந்து யோசித்து, கையெழுத்துப் போட்டு, தாங்களாக ஒட்டக் கொடுத்தது. இந்த வித்தியாசத்தை உங்களுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட வருவீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். கருப்பாயி அக்கா இன்னும் என்னிடம் பழையபடி பேசவில்லை. ஆனால் அவளை அனுப்பியது அவர்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மணியத்துக்கு எழுதி, அங்கே சேர்ந்திருப்பதை எல்லாம் அழியுங்கள். உங்களிடம் இருப்பதையும் அழியுங்கள். காரணம் கேட்கும் இடத்தை எடுத்துவிடுங்கள். கருப்பாயி அக்காவுக்குத் தனியாகக் கடிதம் போடுங்கள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், யாரையும் வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பிழை என்று அதில் எழுதாதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. என் பெயரைப் போட்டுத் தேடியபோது திலீபன் மட்டுமா வந்திருப்பான்? மாதம் தவறாமல் கணேசமூர்த்தி, அனுஷம், உடல் நலம் என்றும் வந்திருக்குமே. அதைப் பற்றி மணியத்திடம் நீங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை. அவர் அச்செடுத்ததை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனை வாரமாக ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, வெயிலா மழையா, என்ன சமைத்தாய், ஆபீஸ் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அந்தப் பக்கம் இதையும் நடத்திக்கொண்டிருந்தீர்கள். அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச்சில் என்னை அங்கே வரச் சொல்லியிருந்தீர்கள். அதைப் பற்றி இப்போது பேச எனக்கு மனமில்லை. வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தேன், விடவில்லை.

அங்கே குளிர் இறங்கியிருக்கும். உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டும் உடம்பு, தலையை மூடிக்கொண்டு வெளியே போங்கள். உங்களுக்காகக் கும்பிடுவதை நான் நிறுத்தவில்லை, ஆனால் இனிச் சீட்டு வாங்கமாட்டேன். கண்ணை மூடி வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். என்ன சொன்னேன் என்று தெரிய வேண்டுமானால் வேறு யாரையும் கேட்காதீர்கள். விமானம் ஏறி வாருங்கள். என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, என்னைக் கேளுங்கள்.

ஆண்டவன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுசீலா