எம்டனில் ஒரு புள்ளி

1568 ஜனவரி 26, ஆண்ட்வெர்ப்

மை உறைந்துவிட்டது. பிள்ளைகள் மைக்கூட்டைச் சட்டைக்குள் வைத்து இளக்கினார்கள்.

கொர்னீல் கேட்டான்: "வாத்தியாரே, ராஜா ஸ்பெயின்லதானே இருக்காரு? அவரு சிப்பாய் ஏன் எங்க வீட்டுக் கட்டில்ல படுத்திருக்கான்?"

லூவென் பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் இதற்கு உதவவில்லை. சொன்னேன்: போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டுக் கோடையில் நம் ஊரார் சிலர் தேவாலயச் சிலைகளை உடைத்தார்கள். ராஜாவுக்குக் கோபம். உடைத்தவர்கள் ஓடிப்போனார்கள், படை வந்தது.

"அதுக்கு எங்க கட்டில் என்ன பண்ணுச்சு?"

வகுப்பே சிரித்தது. நானும்.

பிப்ரவரி 4

ஐந்து நாள் உழைப்பு. உலகப் படம், நான்கு தாள் அகலம், சுவரில். கடலை வெறும் சொல்லால் விளக்க முடியாது.

ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னேன். உங்கள் வீட்டில் யார், எவ்வளவு தூரம் போயிருக்கிறார்? லிஸ்பனில் ஒரு மாமா. கோவாவில் காய்ச்சலில் செத்த ஒரு சித்தப்பா. பிரேசிலில் கொர்னீலின் அண்ணன் (நம்பவில்லை, விட்டுவிட்டேன்). ஏழு வயது பெட்கன் முக்காலியில் ஏறி, வடக்கே எம்டன் துறைமுகத்தில் வைத்தாள். பக்கத்தில் எழுதினாள்: பெட்கனோட அப்பா.

எழுத்து நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 5

பெட்கனின் தாய் டிங்னா வந்தாள். சலவைக்காரி. கைகள் வெந்து சிவந்திருந்தன.

"ஏங்க, படிச்சவருதானே நீங்க? எம்புருஷன் மீன் பிடிக்கப் போயிருக்கான்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். எம்டன்ல இருக்கறவன் எல்லாம் யாரு? சிலையை உடைச்சுட்டு ஓடிப்போனவன். அவன்கிட்ட இருந்து கடுதாசி வாங்கினாலே உசிரு போயிடும்."

"இன்னைக்கே சுரண்டிடுறேன்மா."

"படிச்சவங்க 'இன்னைக்கே'ன்னா, அது எந்தக் கிழமை?"

பிப்ரவரி 8

சுரண்டவில்லை. கத்தி பட்டால் வடகரை முழுக்கக் கிழிந்துவிடும். புதுத் தாள் வந்ததும் ஒட்டுப் போடலாம்.

சோம்பலா? இல்லை. படம் அழகாக இருக்கிறது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

பள்ளிகளைப் பார்வையிடும் பாதிரியார் சொல்லாமல் வந்தார். மெல்லிய குரல். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"அருமை. நீங்களே வரைஞ்சதா?"

எனக்குக் காது சூடாகுமளவு சந்தோஷம். பிறகு அவர் விரல் வடக்கே போனது.

"எம்டன்ல யாரும்மா இருக்கா?"

நான் குறுக்கே பேசியிருக்கலாம். ஏதாவது ஒரு பொய் —

பெட்கன் துள்ளி எழுந்தாள். "எங்க அப்பா! கப்பல் கட்டுறாரு. போன வாரம்கூடக் கடுதாசி வந்துச்சு. அம்மா படிச்சுட்டு அடுப்புல போட்டுட்டாங்க."

"கெட்டிக்காரி." ஒரு பிடி உலர்ந்த திராட்சை கொடுத்தார். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 13

டிங்னாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிப்ரவரி 19

விசாரணை மண்டபத்துக்கு என்னையும் அழைத்தார்கள். குழந்தை சொன்னதை எழுத்தர் வரி பிசகாமல் படித்தார். "இதை நீங்க காதால கேட்டீங்களா?"

கேக்கலைன்னு சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வந்துச்சுதானே? அப்புறம் எங்க போச்சு?

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 3

சாம்பல் புதன், நோன்பு தொடங்கும் நாள். சதுக்கத்தில் நெற்றிச் சாம்பலோடு ஊரே கூடியிருந்ததாம். நான் போகவில்லை. வாடகை வீட்டுக்காரம்மா வந்து சொன்னாள்: "உசிரு போறப்பகூட ஒரு சத்தம் வரலைங்க. வாயைக் கட்டியிருந்தாங்க, அந்தச் சலவைக்காரிக்கு."

சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது.

ஏப்ரல் 27

அனாதைப் பெண்கள் விடுதியில் செவ்வாய்தோறும் பாடம் நடத்த அழைப்பு. பாதிரியார் சிபாரிசு செய்தாராம். போனேன்.

இரண்டாவது வரிசையில் பெட்கன். சாம்பல் நிற உடுப்பு, மொட்டையடித்த தலை.

"நம்ம ஆறு எந்தக் கடல்ல போய்ச் சேருது?" எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் தூக்கவில்லை. பெயர் சொல்லிக் கேட்டேன்.

எழுந்து நின்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் தெரியாது, வாத்தியாரே."

நான் உட்காரச் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.