தக்காளிப் பெட்டிப் பலகையில் ஒரு ஜன்னல்

அக்கா,

நேற்றுக் காலை பரணில் ஏறி உங்கள் ஆணி டின்னை இறக்கினேன். மூடி துருவேறி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதும் மண்ணெண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. துருப்பிடிக்கக் கூடாதென்று நீங்கள் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் எப்போதோ வற்றிவிட்டது, வாசம் மட்டும் போகவில்லை. உள்ளே கிடந்தவை எல்லாம் ஒரு காலத்தில் கோணிக் கிடந்து உங்கள் கையால் நிமிர்ந்த ஆணிகள். "இந்த வயசுல பரண் ஏறணுமா?" என்று கீழே ஏணியைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். டின்னை எதற்கு இறக்கினேன் என்று சொல்வதற்கு முன்னால் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தேன். நீங்கள் மூத்த மருமகள். மாமனார், மாமியார் இல்லை; அண்ணன், தம்பி, அவர்கள் கட்டி வந்த நாம் இருவர். வந்த மூன்றாம் நாள் நீங்கள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் குனிந்து, ஓட்டையில் தாரும் துணியும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் ஓட்டை வாளியைத் தூக்கிப் போடுவார்கள் என்றேன். "தூக்கிப் போட எல்லாருக்குந்தான் தெரியும். அந்தத் துணியக் கிழி புள்ள" என்றீர்கள். புதுப்பெண் என்றும் பார்க்காமல் வேலை வாங்கினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாளி அதன் பிறகு நான்கு வருஷம் ஒழுகவில்லை.

நம் வீட்டு ஆண்கள் இருவருக்கும் தோட்டத்தில்தான் கை ஓடும். வீட்டுக்குள் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் கட்டை விரலை அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கட்டிலுக்குக் கயிறு பின்னுவது, குடைக் கம்பிக்குக் கட்டுப் போடுவது, உடைந்த கூரை ஓடு மாற்றுவது எல்லாம் நீங்கள். பிளாஸ்டிக் ஒயர் கூடை ஊரெல்லாம் பரவிய காலம் அது. பச்சையும் வெள்ளையுமாக நீங்கள் போட்ட கூடையின் கைப்பிடி இன்றும் அறுந்ததில்லை. நான் போட்ட கூடை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். "உன்னாட்டமே இருக்குது, நேரா நிக்க மாட்டேங்குது" என்று கேலி செய்தீர்கள்.

ஆணி நிமிர்த்துவதுதான் எனக்கு வரவே இல்லை. ஆட்டுக்கல்லின் விளிம்பில் ஆணியைப் படுக்க வைத்து, உருட்டி உருட்டிச் சின்னதாகத் தட்டுவீர்கள். நான் ஓங்கி அடித்து இன்னொரு பக்கம் கோணச் செய்வேன். "கோணுனது ஆணி குத்தமில்ல. அடிச்சவங்க அவசரம்" என்பீர்கள். அதை ஆணிக்கு மட்டும்தான் சொன்னீர்கள் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கோடை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தம்பியின் முறையன்று அண்ணன் மடையைத் தன் பாத்திக்குத் திருப்பிக்கொண்டார் என்று தொடங்கியது சண்டை. என் வீட்டுக்காரருடைய தக்காளி நாற்று காய்ந்தது உண்மை. அதற்காக இவர் பேசிய பேச்சும் பேசக் கூடாத பேச்சு. மறுநாள் பெரிய மாமா, உங்கள் வீட்டுக்காரர், நடுவீட்டில் கரிக்கட்டையால் நேராக ஒரு கோடு போட்டார்.

அந்தச் சுவரை அவர்கள் கட்டிய அழகை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது, அக்கா. மேஸ்திரி வைத்தால் இருவரும் பேசி ஓர் ஆளை ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் தாங்களே கட்டினார்கள். சுடாத மண் செங்கல், செம்மண் சேறு. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. நூலின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்தாக வேண்டுமே.

"நூலை இழுத்துப் புடிக்கச் சொல்லு" என்பார் பெரிய மாமா உங்களிடம்.

"இழுத்துப் புடிக்கணுமாம்" என்பீர்கள் நீங்கள் என்னிடம்.

"புடிச்சிட்டுத்தான் இருக்கறன்னு சொல்லு" என்பார் இவர். மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு.

அந்தச் செய்தி நம் இருவர் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் நூல் தொய்ந்துவிடும். சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. கட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம்: அடுப்பும் புகைக்கூண்டும் உங்கள் பக்கம், தரையில் பதித்த ஆட்டுக்கல் என் பக்கம். ஆட்டாமல் எதைச் சுடுவது, அடுப்பில்லாமல் எதற்கு ஆட்டுவது? கோடு போட்டவருக்கு அது தோன்றவில்லை. யாரும் யார் வாசற்படியையும் மிதிக்கக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

அதையெல்லாம் சமாளித்திருப்போம். என் மகள் செல்விதான் சமாளிக்கவில்லை. மூன்று வயது. பால் குடி மறந்த நாளிலிருந்து உங்கள் கையால்தான் சாப்பாடு. களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து நீங்கள் ஊட்டினால்தான் வாய் திறப்பாள். உங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை அந்த வீட்டில் எல்லோரும் மறந்திருந்ததே அவளால்தான். சுவர் எழும்பியதும் அவள் அதன் அடியில் உட்கார்ந்து "பெரீம்மா, பெரீம்மா" என்று உள்ளங்கையால் அடிப்பாள். என் கையில் இருந்த கவளத்தைத் துப்புவாள். பத்து நாளில் கழுத்தெலும்பு தெரிந்தது. அந்தப் பக்கம் நீங்கள் சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். தட்டுக் கழுவும் சத்தமே கேட்கவில்லை.

தெருக்குழாயில் பார்த்துக்கொண்டோம். அங்கே வாசற்படி கிடையாது. குடம் நிரம்பும் நேரத்தில் சொன்னீர்கள்: "நாளைக்கு ரெண்டு பேரும் பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏத்திட்டுப் போறாங்க. மண்ணு இன்னும் காயல. நீ அந்தப் பக்கம் நோண்டு, நான் இந்தப் பக்கம் நோண்டறேன்."

"வந்து கேட்டா என்னக்கா சொல்றது?"

"யாரு யாரைக் கேப்பாங்க? ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான?" என்றீர்கள். சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் அண்ணனும் தம்பியும் ஒரே டிராக்டரில், முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். டிராக்டர் சத்தம் ஓய்ந்ததும் நான் கத்தியால் சேற்றைச் சுரண்டத் தொடங்கினேன். முதல் கல் அசைய வெகுநேரம் ஆனது. அது உங்கள் பக்கம் விழுந்ததும் அந்த ஓட்டையில் உங்கள் விரல்கள் தெரிந்தன, செம்மண் பூசி. செல்வி என்னைத் தள்ளிவிட்டு அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வேலை செய்ய விடவில்லை. நீங்கள் அழுதீர்கள். மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, சரி, மேல்கல்லுக்கு ஒரு பலகை குடு, இல்லாட்டி சரிஞ்சிரும்" என்றீர்கள்.

சந்தைக்குப் போகாமல் மீந்த தக்காளிப் பெட்டி ஒன்றைப் பிரித்தோம். அந்தப் பலகைகளில் சட்டம் அடித்தீர்கள். பெட்டியில் இருந்த ஆணிகளையே பிடுங்கி, என் பக்கத்து ஆட்டுக்கல்லில் நான் நிமிர்த்தி நிமிர்த்தி நீட்டினேன். அன்று எனக்கு ஒரே தடவையில் வந்தது. சட்டம் பொருந்தியதும் ஓரங்களைச் சேற்றால் பூசி, சாணி மெழுகி, கோலமாவால் சுற்றிலும் ஒரு கோடும் இழுத்துவிட்டீர்கள், ஏதோ பிறந்ததிலிருந்தே அங்கிருந்த ஜன்னல் மாதிரி.

அவர்கள் உச்சிப் பொழுதில் வந்தார்கள். இவர் ஜன்னலைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் பார்த்தார். "இதை யாரு வெச்சது?" என்றார்.

"உங்கண்ணனைக் கேளுங்க" என்றேன்.

அந்தப் பக்கமும் ஒரு கேள்வி கேட்டது. "உங்க தம்பியக் கேளுங்க" என்று உங்கள் குரல் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அண்ணன் வைத்தார் என்று தம்பியும், தம்பி வைத்தார் என்று அண்ணனும் நினைத்துக்கொண்டார்கள். தான் அடைத்தால் தான் இறங்கி வந்தது போலாகிவிடும் என்று இருவருமே கை வைக்கவில்லை. அவர்கள் பேசாமல் இருந்த பேச்சுதான் அந்த ஜன்னலைக் காப்பாற்றியது.

அன்று மாலை செல்வியைத் தூக்கி அந்த வழியாகவே உங்களிடம் கொடுத்தேன். வயிறு நிறையத் தின்றுவிட்டு அதே வழியாகத் திரும்பி வந்தாள். அதன் பிறகு மாவு போனது, தோசை வந்தது. காது கிழிந்த அவள் பள்ளிக்கூடப் பை போனது, தைத்து வந்தது. பூப்பெய்தியபோது பாவாடை, கல்யாணத்தின்போது உங்கள் காதுத் தோடு, எல்லாம் அந்த நான்கு பலகைக்குள் வந்தவைதான். ஆண்கள் இருவரும் முடி நரைத்த பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை. "மழை வரும்போல இருக்குது, துணிய எடுக்கச் சொல்லு" என்று இவர் என்னிடம் சத்தமாகச் சொல்வார். எங்கள் துணி ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் நோயில் படுத்த கட்டில் அந்த ஜன்னலோரம்தான் இருந்தது. கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியபோது வாங்காமல் இந்த டின்னை என் பக்கம் தள்ளினீர்கள். "ஜன்னலு வெச்சதும் போதும்னு இருந்துட்டோம் புள்ள" என்றீர்கள். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். நீங்கள் கேட்டது ஆறுதல் அல்ல. எனக்கு அப்போது புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். உங்களைத் தூக்கிப்போன பாடையில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அன்றும் பேசவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் காலை பெரிய மாமாவுக்குத் தட்டு நீட்டினேன். வாங்க ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் தரையில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, எழ முடியவில்லை. ஜன்னலுக்குள் தலையை விட்டேன், தோள் நுழையவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு வைத்த ஜன்னல்தானே அக்கா அது. இவர் தெருவைச் சுற்றி ஓடினார். கதவு உள்தாழ்ப்பாள். அக்கம்பக்கத்தார் வந்து கதவைப் பெயர்க்கும் வரை நான் கையை மட்டும் நீட்டி, "பயப்படாதீங்க மாமா, இங்கதான் இருக்கறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை. பிழைத்தார். நீங்கள் சொன்னது அப்போது என் முகத்தில் அறைந்தது.

அதனால்தான் டின்னை இறக்கினேன்.

"மேஸ்திரியக் கூப்புடலாம்" என்றார் இவர்.

"கட்டுனப்ப மேஸ்திரி வந்தாரா?" என்று கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். மேலே உத்திரம் தன்பாட்டுக்கு இருக்கிறது. இந்தச் சுவர் நாற்பது வருஷமாக எதையுமே தாங்கவில்லை. முதலில் மேலே ஒரு பனஞ்சட்டத்தைக் குறுக்கே செருகினோம், பிறகு ஜன்னலை இரண்டு பக்கமும் அகலமாக்கி, கீழே தரை வரைக்கும் கல் கல்லாகப் பெயர்த்தேன். மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கட்டும் என்று விட்டேன். மாட்டுக்கொட்டாய்க் கதவு சும்மா சாத்திக் கிடந்தது. அதை நிலையோடு கழற்றி வந்து நிறுத்தினோம். நேராக நிற்க நூல் பிடிக்க வேண்டும். மேல் முனையில் இவர் ஸ்டூல் மேல் நின்றார். கீழ் முனையைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பெரிய மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். நான் சுத்தியலும் உங்கள் ஆணியுமாக நடுவில் நின்றேன்.

நூல் தொய்ந்தது. பெரிய மாமா என்னைப் பார்த்தார். சொல்லி அனுப்ப வாயைத் திறந்தார். நான் வாயில் நான்கு ஆணியைக் கவ்விக்கொண்டு, காது கேட்காதவள் மாதிரி நிலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பது என்றுதான் நின்றேன்.

"டேய், நூலை இழுத்துப் புடிடா. அன்னைக்கும் இப்பிடித்தான் தொய்ய விட்ட" என்றார்.

"புடிச்சிட்டுத்தாண்ணா இருக்கறன்" என்றார் இவர். ஸ்டூல் ஆடியது.

நான் ஆணியை அடித்தேன். கண் மறைத்ததில் ஒன்று கோணிவிட்டது. அதை மட்டும் பிடுங்கி எடுத்து வைத்திருக்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கவில்லை. இன்று காலை பெரிய மாமா கம்பை ஊன்றிக்கொண்டு அந்த வழியாக வந்து, தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து களி தின்றார். உப்புக் குறைவு என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். நான் ஆட்டுக்கல்லோரம் உட்கார்ந்து அந்தக் கோணல் ஆணியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், உருட்டி உருட்டி, சின்னதாகத் தட்டி, நீங்கள் சொன்ன மாதிரி அவசரப்படாமல்.