மதில்மேல் பீன்ஸ்

ஜனவரி 4

கடையை மகன் ஷஃபீக்கிடம் கொடுத்தாயிற்று. நேற்று கல்லாவுக்குப் பக்கத்தில் சும்மாதான் நின்றேன். "அத்தா, நீங்க வீட்டுல இருங்களேன்" என்றான். வீட்டில் இருந்தால் மனைவி மஹ்பூபா, "மாடிக்குப் போங்களேன்" என்கிறாள். மாடியில் செய்ய வேலை இல்லை. மண் பைகளில் பீன்ஸ் விதைத்தேன்.

பக்கத்து வீட்டு ராமலிங்கம் எட்டிப் பார்த்தார். எங்கள் இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவில் கழுத்துயர மதில்தான். தவளக்குப்பம் பக்கம் நிலம் வைத்திருப்பவர், தீர்ப்புச் சொல்லாமல் போவாரா? "பாய், பீன்ஸெல்லாம் ஊட்டியில வர்றது. இங்க வராது."

வரவைக்காமல் விடுவதில்லை.

ஜனவரி 10

முளைத்துவிட்டது. ராமலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "களையா இருக்கும்" என்றார்.

ஜனவரி 15

பொங்கல். ராமலிங்கம் தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அந்தத் தூக்கு யார் வீட்டுடையது என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்துபோயிற்று. அவர்கள் பொங்கலும் எங்கள் நோன்புக் கஞ்சியும் அதில்தான் போய்வரும். சும்மா திரும்பியதே இல்லை.

பிப்ரவரி 1

வைத்திக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்கினேன். மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். ஊற்றினேன். மாடி நாறுகிறது.

பிப்ரவரி 7

கொடிகள் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டன. ராமலிங்கம் வாயைப் பிளந்தார். "அட பாய், என்னமா வந்துருக்கு!" நன்றாகத் தூங்கப்போகிறேன்.

பிப்ரவரி 8

போச்சு. எல்லாம் போச்சு. மண்ணை வாரி இறைத்து, கொடிகள் வேரோடு கிடக்கின்றன. மதிலோரம் ஒன்றே ஒன்று பிழைத்திருக்கிறது.

மஹ்பூபா வந்து பார்த்தாள். "நேத்து ராமலிங்கம் அண்ணன் அப்படிப் புகழ்ந்தாரே, ஒரு மாஷா அல்லாஹ் சொன்னாரா? கண்ணு பட்டுருச்சி."

இதையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மதிலோரம் போய்க் கேட்டேவிட்டேன். "மாஷா அல்லாஹ் சொல்லாம புகழ்ந்து கண்ணு வெச்சிட்டியே, உன் வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாதா?" இத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியது இல்லை. "ஒரு செடிக்காவா, பாய்?" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

தூக்கம் வரவில்லை. செடிக்கா, நான் பேசினதுக்கா?

பிப்ரவரி 13

மிச்சக் கொடிக்கு மீன் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே வந்தேன். மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போனால், மண் பைக்குள் ஒரு பூனை. முன்னங்கால் இரண்டாலும் தோண்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. வேலையைத் தொடர்ந்தது. மீன் வாசம் அடிக்கிற இடத்தில் மீனைத் தேடுகிறது, அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. விரட்டினேன்.

ராமலிங்கத்திடம் சொல்ல வேண்டும். சிரிப்பார். சிரித்தால் பரவாயில்லை. சிரிக்காவிட்டால்?

பிப்ரவரி 16

சொல்லவில்லை.

பிப்ரவரி 19

முதல் நோன்பு. வருஷா வருஷம் சாயங்காலம் மதிலுக்கு மேலே, "கஞ்சி ஆச்சா பாய்?" என்று குரல் வரும். இன்று வரவில்லை. மஹ்பூபா பழக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் காய்ச்சிவிட்டாள். மீந்துபோயிற்று. தூக்கு அடுக்களையில் கவிழ்ந்தபடி இருக்கிறது.

எனக்கும் இறங்கவில்லை. அந்த மனுஷன் இல்லாம என்ன கஞ்சி வேண்டிக்கிடக்கு?

பிப்ரவரி 28

கொடி மதிலைத் தாண்டிவிட்டது. என் பக்கம் இலை. காயெல்லாம் அவர் பக்கம். எட்டிப் பறித்தால் திருட்டு மாதிரி இருக்கும்.

மார்ச் 2

தூக்கில் கஞ்சி ஊற்றி நானே எடுத்துப் போனேன். கதவைத் திறந்தார்.

"பூனை" என்றேன்.

"தெரியும். மறுநாளே பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்கதான் பேசவேயில்லையே, பாய்."

"பேசினதும் தப்பு, பேசாததும் தப்பு" என்றேன். தூக்கை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கஞ்சி ஆவி பட்டிருக்கும்.

மார்ச் 3

தூக்கு வந்தது. உள்ளே பீன்ஸ், மூடி சரியாக மூடவில்லை. "இங்க வராதுன்னு சொன்னேன்ல? உங்க பக்கம் வந்துச்சா, பாருங்க" என்றார்.

மஹ்பூபா கொஞ்சம் நறுக்கிக் கஞ்சியில் போட்டாள். மிஞ்சாமல் தீர்ந்தது.

மார்ச் 5

மீன் தண்ணீரை நிறுத்திவிட்டேன். காலையில் கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து "மாஷா அல்லாஹ்!" என்று பெரிய சத்தம்.

அதற்கப்புறம்தான் மதிலுக்கு மேலே ராமலிங்கத்தின் தலை வந்தது.