நான்காம் அத்தியாயத்துப் பெண்

டோஹா
11 பெப்ரவரி 2024

என் டிலானிக்குட்டி,

நலமா? அப்பாவுக்கு இருமல் விட்டதா? போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். சித்திரை வருஷத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. கோபப்படாதே. புசல்லாவையிலிருந்து இங்கே வீட்டுவேலைக்கு வந்த அம்மாமார் இப்போதுதான் என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். பிள்ளைகளைப் போனிலேயே வளர்க்கிறார்கள். உலகமயமாதல் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்று எழுத வந்தவள் இவர்களை விட்டு எங்கே போவேன்? புத்தகம் வெளிவந்தால்தான் பல்கலைக்கழகத்தில் என் வேலை நிரந்தரமாகும். நான்காம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன், வாசித்துப் பார்.

முத்தங்களுடன்,
அம்மா

மஹய்யாவ, கண்டி
3 மார்ச் 2024

அன்புள்ள அம்மா,

அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, வாய்தான் ஓயவில்லை. “ஒங்கம்மா ஊரு ஊரா போயி அம்மா பக்கத்துல இல்லாத புள்ளைங்கள விசாரிக்கிறா. நம்ம வீட்டுக்கு எப்ப வருவாளாம்?” என்று கேட்கிறார்.

வாசித்தேன். அதில் மீனா என்று ஒரு கண்டிப் பெண் வருகிறாள். அம்மா அழைத்தால் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டு வெங்காயம் உரிக்கிறாள். அழுகை வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போடலாமாம்.

அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன், அம்மா. பெயரை மாற்றினால் போதுமா?

டிலானி

ஜெனீவா
20 மார்ச் 2024

என் கண்ணே,

விமான நிலையத்தில் நின்றபடி உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆனால் இங்கே கருத்தரங்கில் எல்லோரும் பாராட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். மீனா இல்லாவிட்டால் அத்தியாயமே இல்லை. எங்கள் தொழிலில் சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும், சம்மதித்தவரும் காரணம் சொல்லாமல் எப்போதும் விலகலாம். உன்னிடம் கேட்கத் தோன்றவேயில்லை, மகள்தானே என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். சரி என்று ஒரு வரி எழுது. அடுத்து கோலாலம்பூரில் ஒரு மாநாடு. முடிந்தால் அப்படியே வீட்டுக்கும் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா

மஹய்யாவ
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மா,

விலகிக்கொள்கிறேன். காரணம் கேட்கக் கூடாது என்பது உங்கள் விதி.

உங்கள் வேலை என்னால் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும் அந்த அழுகையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்பா உங்களுக்கும் வருஷத்துக்குப் புடவை எடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறார். வருவதென்றால், முடிந்தால் என்று எழுதாமல் வாருங்கள்.

டிலானி

கோலாலம்பூர்
9 ஏப்ரல் 2024

டிலானி,

மீனாவை எடுத்துவிட்டேன். அவளில்லாமல் அத்தியாயம் நிற்கவில்லை. புத்தகம் பிந்தும், வேலை என்னாகும் என்று தெரியாது. மாநாடு முடியுமட்டும் இருப்புக் கொள்ளவில்லை, டிக்கெட்டை மாற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருப்பேன். வெங்காயத்தை நான் உரிக்கிறேன்.

அம்மா