அக்கா கேட்ட ஊர்

வைகாசி 4, 2025
நாரந்தனை என்ற இந்த ஊரின் சக்கரவர்த்தியாகிய நான், வீட்டுப் பூனையைச் சாட்சி வைத்து ஆணையிடுகிறேன்: இனி எழுதப்போகும் சரித்திரத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மருமகள் தர்சனா போலந்தில் மரேக் என்ற பெடியனைக் கலியாணம் செய்துவிட்டாள். அன்று தொடக்கம் கோசலா அக்காவுக்கு மகளோடு பேச்சில்லை. இந்த வீட்டில் அக்காவும் நானும்தான். அவர் வாய் மூடினால் எனக்குச் சுவர்தான் துணை.

அக்காவுக்கு ஒரே கேள்வி: "எந்த ஊர்? ஆரின்ரை ஆக்கள்?"

வைகாசி 9
தர்சனாவிடம் கேட்டேன். "இஞ்ச ஒண்டுமில்லை மாமா. காடு, குளம், உருளைக்கிழங்கு. எங்கட பிரதேச சபை மாதிரி ஒண்டு, கொஞ்சக் கிராமங்கள். பாதி வீட்டில ஆக்களில்லை."

அட, நாரந்தனையேதான்!

வைகாசி 10
அக்காவிடம் சொல்லும்போது ஊர் சற்று வளர்ந்துவிட்டது. எழுநூறு குளம். மீன் ஒவ்வொன்றும் வண்டில் மாட்டளவு. கூரையில் கூடு கட்டும் கொக்குகள் சபைக்கு வரி கட்டுகின்றன. மரேக்கின் பூட்டன் துருக்கியரை உருளைக்கிழங்கால் எறிந்தே கலைத்தவர்.

"உனக்கு விசரோடா?"

வைகாசி 17
இப்போது என்னோடும் பேச்சில்லை. சோறு மட்டும் வருகிறது. வெளியே காற்று.

ஆனி 2
இன்று தர்சனா சொன்னதை அக்காவிடம் வளர்க்காமல் சொன்னேன். முன்பு அந்தப் பக்கமெல்லாம் ஜேர்மன்காரர். யுத்தம் முடிய எல்லை நகர்ந்தது. அவர்களை அனுப்பிவிட்டு, கிழக்கே ஊரிழந்த போலந்துக்காரரைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். மரேக்கின் அப்பப்பாவும் அப்படி வந்தவர். அவருக்குக் கிடைத்த வீட்டின் குசினிக் கதவு நிலையில், யாரோ பிள்ளைகளின் உயரத்தைக் கோடு கோடாகக் கீறிப் பெயர் எழுதியிருந்ததாம். வீடு முழுக்கப் பெயின்ற் அடித்தவர், அதை மட்டும் தொடவில்லை. "அதுகள் திரும்பி வந்தால் தேடுமெல்லோ" என்றாராம்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"நிலை இருந்ததாமோ?"

"ஓம் அக்கா. கதவோட."

எங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வந்தபோது இந்த வீட்டில் ஒரு கதவில்லை, ஒரு நிலையில்லை. சுவரில் ஓட்டைகள்தான்.

அக்கா கையைத் துடைத்தார். "போனை எடு. அந்தப் பெடியனைக் காட்டச் சொல்லு."

ஆடி 20
தினமும் கதைக்கிறார்கள். என்ரை போன் எனக்குக் கிடைப்பதில்லை.

ஐப்பசி 11
தர்சனாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. போலந்துக்குப் பிளேன் ஏற அக்காவைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். "சமைச்சுச் சாப்பிடு. பூனைக்குப் பொய் சொல்லாதை," என்றார்.

திரும்பி வரும் திகதியை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஐப்பசி 19
கடைப் பாண். அடுப்பு மூட்டவில்லை.

கார்த்திகை 30
சரி, பூனையே, ஒப்புக்கொள்கிறேன். எழுநூறு குளமும் பொய். வரி கட்டும் கொக்கும் பொய். பூட்டனை நானே பெற்றெடுத்தேன்.

கதவு நிலை மட்டும் உண்மை. அக்கா படம் அனுப்பியிருக்கிறார். பேரப்பிள்ளையை ஏந்திக்கொண்டு அதில் சாய்ந்து நிற்கிறார். அந்த ஜேர்மன் பிள்ளைகளின் கடைசிக் கோடு அக்காவின் தலைக்கு மேலே போகிறது.

அக்கா இவ்வளவு கட்டையென்று இந்த வீட்டில் இருந்தபோது நான் கவனிக்கவேயில்லை.